ஒரு முழ இடம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் இப்பகுதியில், பேருந்து இருக்கையில் ஒருவருக்கு எவ்வளவு இடம் சொந்தம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நம் ஒவ்வொருவரைச் சுற்றியும் மூளை ஓர் எல்லையை வரைந்து வைத்திருக்கிறது, அதை யாராவது மீறினால் தோலைத் தொட்டதுபோலவே நாம் துணுக்குறுகிறோம் என்று நான்கு வரியில் விடை எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு மட்டும் இம்முறை விடை எழுதுகிறேன்.

ஐயா, நான் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் வேலைக்குப் போய் வருகிறேன். காலைப் பேருந்தில் மூச்சு முட்டும் கூட்டம். இரண்டு பக்கமும் தோள் இடிக்க நின்றுகொண்டே அரியாங்குப்பம் வரை வருவேன். அலுப்பாக இருக்குமே தவிர அச்சமாக இருக்காது. ஆனால் சில நாள் பிற்பகலில், பாதி இருக்கை காலியாக இருக்கும் வண்டியில் ஓர் ஆடவர் ஏறி, மற்ற இருக்கைகளை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து அமர்ந்தால், அவர் என்னைத் தொடாவிட்டாலும் என் கை தானாக உள்ளே மடங்கிக்கொள்கிறது. தோழிகள் இதை வீண் கற்பனை என்கிறார்கள். கற்பனைதானா?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

கற்பனை இல்லை, அம்மா. கையை மடக்கு என்று நீங்கள் யோசித்து ஆணையிடவில்லை என்பதையே முதல் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தில் ரிசோலாட்டி என்ற நரம்பியல் அறிஞரும் அவர் குழுவினரும் குரங்குகளின் மூளையை ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட முடிவுகளில், விந்தையான நரம்பணுக்கள் சிலவற்றைப் பற்றி எழுதினார்கள். முகத்தையோ கையையோ தொட்டால் துடிக்கும் அந்த அணுக்கள், ஒரு பொருள் அதே இடத்துக்கு அருகே வருவதைக் கண் கண்டாலும், தொடுமுன்பே துடித்தன. பொருள் எட்டத்தில் இருக்கும்வரை அவை பேசாமல் இருந்தன. பிற்பாடு அமெரிக்காவில் கிராசியானோ என்பவர், இத்தகைய அணுக்கள் உள்ள பகுதிகளை மெல்லிய மின்சாரத்தால் தூண்டியபோது, எதிரே ஒன்றுமே இல்லாதிருந்தும் குரங்கு கண்ணைச் சுருக்கியது, தோளைக் குறுக்கியது, அடியைத் தடுப்பதுபோலக் கையை உயர்த்தியது. உங்கள் கை மடங்கியதற்கும் அந்தக் கை உயர்ந்ததற்கும் உறவு இருக்கிறது.

இந்த எல்லை எவ்வளவு தூரம்? எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1966இல் அளவு சொல்லிப் பார்த்தார். ஏறத்தாழ 45 சென்டிமீட்டருக்குள் மிக நெருங்கியவர்கள், அங்கிருந்து 1.2 மீட்டர் வரை நண்பர்கள், 3.6 மீட்டர் வரை அலுவல் தொடர்பாக வருபவர்கள், அதற்கு அப்பால் பொதுமக்கள் என்பது அவர் போட்ட கணக்கு. தாம் கண்டது பெரும்பாலும் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் வாழும் நடுத்தர வகுப்பினரை மட்டுமே என்று அவரே எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். 45 சென்டிமீட்டர் என்பது நம் கணக்கில் ஒரு முழம். பாடலீசுவரர் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாள் அளக்கும் முழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அளப்பது ஒரே கைதான் என்றாலும் வாடிக்கையாளருக்கு அது சற்றே நீளும், பேரம் பேசுபவருக்குச் சற்றே குறையும். மூளை அளப்பதும் அப்படிப்பட்ட முழம்தான்.

காலைக் கூட்டத்தில் உங்கள் தோளை இடிப்பவர் அங்கே நிற்பது அவருடைய விருப்பத்தால் அன்று. ‘உள்ளே போங்க, படியில் நிற்காதீங்க’ என்று நடத்துநர் தள்ளியதால் நிற்கிறார். அது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆகையால் இருவரும் கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, இடிபடும் தோள் தமக்குச் சொந்தமில்லாததுபோல நிற்கிறீர்கள். பிற்பகல் வண்டியிலோ இருபது இடம் காலியாக இருக்கும்போது ஒருவர் உங்கள் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வே ஒரு செய்தி. அதன் பொருள் என்னவென்று தெரியாத நிலையில், உடல் முன்னெச்சரிக்கையாகத் தன் இடத்தைக் காக்கத் தொடங்குகிறது.

கூட்டத்தால் உடலுக்கு நோவே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நியூஜெர்சி மாநிலத்திலிருந்து இரயிலில் வேலைக்குச் செல்பவர்களின் உமிழ்நீரில், மன அழுத்தத்தின்போது கூடும் கார்ட்டிசால் என்னும் சுரப்பை அளந்து, எவன்ஸ், வெனர் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பெட்டி முழுவதிலும் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைவிட, ஒருவருக்குப் பக்கத்து இருக்கைகள் எவ்வளவு நிரம்பியிருந்தன என்பதே அந்த அழுத்தத்தோடு கூடுதலாகத் தொடர்புடையதாக இருந்தது. வண்டியின் கூட்டத்தை மூளை பெரிதாக எண்ணுவதில்லை, பக்கத்தில் இருப்பவரைத்தான் எண்ணுகிறது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மூளையில் வாதுமைக் கொட்டை அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. அது இருபக்கமும் சிதைந்துபோன ஒரு பெண்மணியை அமெரிக்க ஆய்வாளர்கள் 2009இல் சோதித்தார்கள். எதிரே நிற்பவரை நோக்கி நடந்து, வசதியாகத் தோன்றும் இடத்தில் நிற்கச் சொன்னபோது, அவர் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் வரை போய் நின்றார். மற்றவர்கள் அதைப்போல் இருமடங்கு தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். மூக்கோடு மூக்கு படுமளவு நெருங்கி நின்றபோதும் தமக்கு அது தொல்லையாக இல்லை என்று அவர் சொன்னார். மிகவும் நெருங்கினால் பிறர் சங்கடப்படுவார்கள் என்பதை அவர் அறிவால் அறிந்திருந்தார், ஆனால் உணரவில்லை. தோழிகள் கற்பனை என்று சொல்வது உங்கள் அமிக்டலா தன் வேலையைச் செய்வதைத்தான். எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விடுங்கள், அதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

காதில் இயர்போன் மாட்டிக்கொண்டால் பேருந்து நெரிசல் அவ்வளவாகத் தெரிவதில்லையே, ஏன்?
— கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம்

உங்களுக்குப் பிடித்த பாட்டாக இருந்திருக்க வேண்டும். மகிழ்வூட்டும் இசையை இயர்போனில் கேட்பவர்கள் பிறரைச் சற்றுக் கூடுதலாக நெருங்கவிடுகிறார்கள் என்று இலண்டனில் நடந்த ஓர் ஆய்வு 2011இல் காட்டியது. ஆனால் இறங்க வேண்டிய நிறுத்தத்தை நடத்துநர் கூவுவதும் காதில் விழாமல் போகும், கவனம்.

மாசி மகத்தன்று சுவாமியைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தோளில் சுமந்து செல்பவர்களில் நானும் ஒருவன். தண்டின் கீழே எனக்கு முன்னும் பின்னும் நிற்பவர்களில் பாதிப் பேரை ஆண்டுக்கு ஒருநாள்தான் பார்ப்பேன். அவர்களுடைய வியர்வை என்மேல் வழியும், மூச்சுக்காற்று கழுத்தில் படும், ஆனால் ஒரு துளியும் கூச்சம் இருக்காது. மறுநாள் தேநீர்க் கடையில் அதே மனிதர் ஒட்டி வந்து நின்றால் நகர்ந்துகொள்கிறேன். பக்திதான் காரணம் என்று என் தாயார் சொல்கிறார்.
— வாசகர், கடலூர் முதுநகர்

உங்கள் தாயாரை மறுக்க மாட்டேன். பக்தியோடு மற்றொன்றும் அந்தத் தண்டின் கீழே இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வை மட்டும் சொல்கிறேன்.

இத்தாலியில் தெனெஜி, செரினோ முதலியோர் 2013இல் வெளியிட்டது அது. சோதனைக்கு வந்தவரின் கன்னத்தில் ஒரு மெல்லிய தொடுகை தரப்படும், உணர்ந்தவுடன் அவர் அதைத் தெரிவிக்க வேண்டும். அதே நேரத்தில் தொலைவிலிருந்து ஓர் ஒலி அவரை நோக்கி நெருங்கி வரும். ஒலி மிக எட்டத்தில் இருக்கையில் தொடுகையை உணர்ந்து சொல்லச் சற்றுத் தாமதமாகும், ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் ஒலி வந்துவிட்டால் விடை விரைவாக வரும். அந்தத் தூரம்தான் மூளை வரைந்த எல்லை. எதிரே ஒரு பொம்மையை நிறுத்தியபோது இருந்த எல்லை, அறிமுகமில்லாத ஒரு மனிதரை நிறுத்தியபோது சுருங்கிவிட்டது. மற்றவருக்கென்று ஓர் இடத்தை மூளை தானாகவே ஒதுக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது போலும். பிறகு இருவரையும் பணம் வைத்து ஒரு விளையாட்டு ஆடச் செய்தார்கள். எதிராளி ஒத்துழைத்து நேர்மையாக நடந்துகொண்டிருந்தால், அடுத்த சோதனையில் அந்த எல்லை அவர் நிற்கும் இடத்தையும் சேர்த்துக்கொண்டு விரிந்தது. தன்னலமாக ஆடியவருக்கு அந்த விரிவு கிடைக்கவில்லை.

சிலரை வைத்து அறைக்குள் நடந்த சோதனை இது, அளவுக்கு மீறி இதன்மேல் சுமை ஏற்றக் கூடாது. ஆனாலும் உங்கள் தண்டின் கீழே நடப்பதோடு இது பொருந்தி வருகிறது. முன்னால் நிற்பவர் ஓர் அடி தவறினால் சுமை முழுவதும் உங்கள் தோளில் இறங்கும், நீங்கள் தளர்ந்தால் பின்னால் இருப்பவர் தாங்குவார். அதைவிடப் பெரிய ஒத்துழைப்பு வேறென்ன இருக்கிறது? போதாக்குறைக்கு அந்தத் தண்டு வேறு. ஜப்பானில் இரிக்கி என்பவரின் குழு 1996இல், குரங்குகளுக்கு ஒரு சிறு வாரியைக் கொடுத்து எட்டாத உணவை இழுக்கப் பழக்கியது. பழகிய பிறகு, கையைச் சூழ்ந்த இடத்துக்கு மட்டும் துடித்த அணுக்கள் வாரியின் நுனி வரைக்கும் துடித்தன. கருவியை உடல் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. ஒரே தண்டைப் பலர் தோளில் தாங்கும்போதும் அப்படி ஏதோ நடக்கிறது என்பது என் ஊகம். சோதித்தவர் எவரும் இருப்பதாக நான் படித்ததில்லை.

தேநீர்க் கடையில் தண்டு இல்லை. எனவே அவர் மறுபடியும் அயலார் ஆகிவிடுகிறார். விலகிக்கொண்டதற்காக வருந்தாதீர்கள், அடுத்த முறை பெயரையாவது கேட்டு வையுங்கள்.

என் அக்காள் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பாரிசில் இருக்கிறது. விடுமுறைக்கு வரும் பேரப் பிள்ளைகள் வீட்டுக்குள் நுழைந்தவுடன் எல்லோருக்கும் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுக்கிறார்கள், பதின்ம வயதுப் பையன்களும்கூட. ஆனால் பெரிய மார்க்கெட்டுக்கோ மருந்துக் கடைக்கோ அழைத்துப் போனால், ‘தாத்தா, பின்னால் நிற்பவர் ஏன் என் முதுகில் உரசுகிறார்?’ என்று முகம் சுளிக்கிறார்கள். இது என்ன முரண்பாடு?
— வாசகர், இலாசுப்பேட்டை

முத்தம் ஒரு வணக்கம். எப்போது தொடங்கும், எந்தக் கன்னத்தில், எத்தனை, எப்போது முடியும் என்று எல்லாமே முன்கூட்டியே முடிவாகிவிட்ட ஒன்று. வரிசையில் முதுகில் படும் மூச்சுக்கோ அப்படித் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, முகமும் தெரியாது. ஆகையால் முன்னதை அவர்கள் நெருக்கமாகவே எண்ணுவதில்லை.

நாட்டுக்கு நாடு இத்தூரம் வேறுபடுகிறது என்பது உண்மை. சொரோகோவ்ஸ்கா என்ற போலந்து நாட்டு அறிஞரின் தலைமையில் 42 நாடுகளில் ஏறத்தாழ 9,000 பேரிடம் கேட்டு 2017இல் வெளிவந்த ஆய்வில், அயலாரை மிக நெருங்கவிட்டவர்கள் அர்ஜென்டினாவினர், மிகவும் எட்ட நிறுத்தியவர்கள் ருமேனியர்கள். ஐரோப்பியர் எல்லோரும் எட்ட நிற்பவர்கள், வெயில் நாட்டார் எல்லோரும் ஒட்டி நிற்பவர்கள் என்று இதிலிருந்து எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஒரே நாட்டுக்குள்ளேயே வயதும் பாலினமும் கணக்கை மாற்றுகின்றன. பொதுவாகப் பெண்களும் முதியவர்களும் அயலாரிடமிருந்து சற்றுக் கூடுதலான இடத்தை விரும்பியதாக அதே ஆய்வு கண்டது.

நம் வரிசைக்குத் தனியாக ஒரு தருக்கம் இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள். இங்கே முன்னால் நிற்பவருக்கும் நமக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டால், அதை ‘இங்கே வந்து நிற்கலாம்’ என்ற அழைப்பாக ஒருவர் எடுத்துக்கொண்டு நுழைந்துவிடுவார். அப்படியிருக்க, பின்னால் நிற்பவர் உரசுவது உங்கள் பேரனிடம் கொண்ட உரிமையால் அன்று. தம் இடத்துக்கு அவர் போட்ட வேலி அது. 2020இல் நியாயவிலைக் கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒருவர் என்று நிறுத்தியபோது நாமும் முரண்டு பிடிக்காமல் எட்டத்தான் நின்றோம். வட்டம் இருந்தவரை நடுவில் யாரும் நுழைய மாட்டார் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நோய்க்காலத்தில் மனிதர்கள் விரும்பும் இடைவெளி பெருகியதை அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். நோயே தொற்ற முடியாத கணினிப் பொம்மைகளிடமிருந்தும் அவர்கள் சோதித்தவர்கள் முன்னைவிட எட்ட நின்றார்களாம்.

என் மகளுக்கு எட்டாம் மாதம். பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கிறாள். சமையலறையில் நான் பக்கத்தில் போனால்கூட ‘அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க’ என்கிறாள். கோபமோ என்று மனம் வருந்துகிறது.
— வாசகி, நெல்லிக்குப்பம்

கோபம் இல்லை. கருவுற்ற பெண்களை 20ஆம் வாரத்திலும், 34ஆம் வாரத்திலும், பிள்ளை பிறந்த பின்னும் சோதித்த ஓர் ஆய்வு இங்கிலாந்திலிருந்து 2019இல் வந்தது. நான் மேலே சொன்ன ஒலிச் சோதனையைப் போன்றதுதான் அதுவும். 34ஆம் வாரத்தில் மட்டும் அவர்களுடைய எல்லை விரிந்திருந்தது. வயிற்றில் இருப்பதையும் சேர்த்துக் காக்க, உடல் வேலியைச் சற்றுத் தள்ளிப் போடுகிறது. நீங்கள் அடுப்புப் பக்கம் நின்று, அவளுக்கு வாசல் பக்கத்தை விட்டுவிடுங்கள்.

மூளையே எல்லை வகுக்கிறது என்று நீங்கள் எழுதியதை எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் படித்துவிட்டு, ‘பார்த்தீர்களா, சிலரை எட்ட நிறுத்துவது இயற்கை என்று படித்தவர்களே எழுதிவிட்டார்கள்’ என்று தேநீர்க் கடையில் சொன்னார். அங்கே சிலருக்கு இன்னும் தனிக் குவளை. நான் பள்ளி ஆசிரியர், உடனே விடை சொல்லத் தெரியவில்லை.
— வாசகர், பண்ருட்டி அருகே

என் நான்கு வரி அந்தக் கடைப் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அளக்கும் கருவி பிறவியிலேயே வருகிறது. யாரைக் கண்டால் எத்தனை முழம் என்பது பிறவியில் வருவதில்லை. நெதர்லாந்தில் டாட்ச், விக்போல்டுஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட சோதனையில், வெள்ளை இனத்தைச் சேர்ந்தவர்களைக் கணினியால் உண்டாக்கிய ஒரு மெய்நிகர் வெளியில் நடக்கவிட்டு, எதிரே சில உருவங்களை நிறுத்தினார்கள். சில உருவங்களுக்கு அவர்களைப் போன்ற முகம், சிலவற்றுக்கு மொராக்கோ நாட்டவரின் முகம். மொராக்கோ முகத்திலிருந்து ஒருவர் எவ்வளவு விலகி நின்றார், அவருடைய தோல் எவ்வளவு வியர்த்தது என்பவை, அவர் மனத்தில் மறைந்திருந்த வெறுப்பின் அளவோடு சேர்ந்து ஏறி இறங்கின. இயற்கை என்றால் எல்லோருக்கும் ஒரே அளவாக இருந்திருக்க வேண்டும். வெறுப்பைக் கற்றவர் எட்ட நின்றார், கல்லாதவர் அவ்வளவு எட்ட நிற்கவில்லை.

அந்தப் பெரியவரிடம் ஆய்வைச் சொல்லிப் பயனில்லை என்றால் வயலைக் காட்டுங்கள். நாற்று நடும்போதும், கதிர் அறுக்கும்போதும், களத்தில் நெல் தூற்றும்போதும், இழவு வீட்டில் பாடை கட்டும்போதும் வராத தீட்டு, திண்ணையில் ஏறும்போது மட்டும் எப்படி வருகிறது? உடலின் அருவருப்பு என்றால் அது இடம் பார்த்து வராது. வேலை வாங்கும்போது நெருக்கம், உரிமை கேட்கும்போது தூரம் என்பதை எந்த நரம்பணுவும் தானாகச் செய்வதில்லை.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. பேருந்து வாசகி தமக்கு இடம் வேண்டி, தாமே கையை மடக்கிக்கொள்கிறார், தாமே எழுந்து போகிறார். சாதி கேட்கும் தூரத்தில் ஒருவர் அசையாமல் நிற்க, மற்றவர்தான் விலகிக் கொடுக்க வேண்டும். நம் மொழியும் இதில் உடந்தை. மாதவிலக்கான பெண்ணை ‘தூரம்’ என்றே சொல்லிப் பழகிய வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். அந்த நாட்களில் தூரத்தைச் சுமந்தவள் கொல்லைப்புறத்தில் இருந்தாள், அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் கூடத்தில் இருந்தார்கள். தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்தது, 1955இல் அதைத் தண்டிக்கச் சட்டமும் வந்தது. தனிக் குவளை குற்றம் என்பதை அந்தக் கடைக்காரருக்கு நீங்கள் தாராளமாக நினைவூட்டலாம்.

என் உடலும் இதைக் கற்றுத்தான் இருந்தது. கல்லூரி விடுதியில் முதல் மாதம், பக்கத்தில் அமர்ந்து உண்டவரின் தட்டு என் தட்டில் பட்டபோதெல்லாம் என் கை நின்றுவிடும், ஏன் என்று எனக்கே தெரியாது. அவரும் நானும் சேர்ந்து விடுதிக் கணக்கு எழுதும் பொறுப்பை ஏற்றோம். மூன்றாம் மாதம் அவர் தட்டிலிருந்து ஊறுகாயை எடுத்துக்கொண்டிருந்தேன். எப்போது மாறியது என்பதை நான் கவனிக்கவே இல்லை.

மாலையில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்ட பிறகு, சுவரில் வந்து அமர்பவர்கள் சொல்லிவைத்தாற்போல் சம இடைவெளியில் அமர்கிறார்கள். கம்பியில் அமரும் குருவிகளைப் போலவே இருக்கிறது. விளையாட்டாகத்தான் கேட்கிறேன்.
— வாசகி, முத்தியால்பேட்டை

விளையாட்டில்லை. ஹெடிகர் என்ற சுவிட்சர்லாந்து விலங்கியலாளர் கண்டதும் இதுதான். சில பறவைகள் ஒன்றுக்கொன்று ஓர் இடைவெளி விட்டே அமரும், சில உயிரினங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடக்கும். ஹால் தம் கணக்கைத் தொடங்கியதே அவருடைய எழுத்தைப் படித்துத்தான். நானும் நேற்று மாலை காந்தி சிலைக்குத் தெற்கே சற்று நேரம் நின்று பார்த்தேன். முதலில் வருபவர் ஒரு கோடியில் அமர்கிறார், அடுத்தவர் மறு கோடியில், மூன்றாமவர் சரியாக நடுவில். ஏழு மணிக்கு மேல் இடைவெளிகள் நிரம்பி, அயலார்கள் ஒரு முழ தூரத்தில் அமர்ந்துவிடுகிறார்கள், ஆனால் எல்லோருடைய முகமும் கடலைப் பார்த்தே இருக்கிறது. சுண்டல்காரர் வந்து கூம்புகளைக் கைமாற்றி அனுப்பச் சொன்னபோதுதான் பக்கத்திலிருந்தவர்கள் ஒருவரையொருவர் முதல்முறை பார்த்துக்கொண்டார்கள்.